கூலண்ட் வேலைக்குப் பிறகு இன்ஜின் மிஸ் அடித்தால்: ஃபோர்ட் எஃப்-150, 5.4 லிட்டர் வி8 வண்டிக்கு முழு வழிகாட்டி

வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, ஹோஸ் மாற்றியாயிற்று, ஒழுகல் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் தடதடவென்று ஆடுகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. நேற்றுவரை இந்த ஆட்டம் இல்லை. இந்த நிலையில் பலர் எட்டுக் காயிலையும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) எட்டு பிளக்கையும் மொத்தமாக வாங்கி மாட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டி, வண்டியை விற்க ஆள் தேடுகிறார்கள். இரண்டுமே அவசரம்.

வேலைக்கு முன் ஒழுங்காக ஓடிய வண்டி வேலைக்குப் பின் மிஸ் அடித்தால், அதாவது ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறினால், கோளாறு பெரும்பாலும் வேலை நடந்த இடத்திலேயே இருக்கும். கூலண்ட் எங்கே சிந்தியது, கை எங்கே பட்டது என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். கனடாவின் ஒன்ராறியோவில் நண்பர்களின் வண்டிகளை அவர்களோடு நின்று பார்த்ததில், பணம் வீணாவது வரிசை தவறும் இடத்தில்தான் என்று கண்டேன்.

இது 1997 முதல் வந்த, சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள 5.4 லிட்டர் இன்ஜினுக்கானது. 2004இல் புது உருவத்தில் வந்த எஃப்-150இல் இருப்பது மூன்று வால்வு இன்ஜின். அதில் பிளக் கழற்றும் முறையே வேறு, தவறாகக் கழற்றினால் பிளக் உள்ளேயே ஒடிந்துவிடும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஆறாவது படியில் சொல்லும் பிளக் வேலையை இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) மட்டும் காட்டும் மலிவான கருவி பாதி வேலைக்குத்தான் உதவும். ஓடும் இன்ஜினின் சூடு, ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) போன்ற எண்களை நேரடியாகக் காட்டுவதாக இருக்க வேண்டும். அப்புறம் காயில் போல்ட்டுக்கு 7 மி.மீ. சாக்கெட், ஸ்பார்க் பிளக்குக்கு 5/8 அங்குல சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச், அழுத்தக் காற்று, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல டார்ச், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ். ஒரு பெரிய ஊசிக்குழலும் அதன் முனையில் செருக மெல்லிய ரப்பர் குழாயும் எடுத்து வையுங்கள். அது எதற்கு என்று ஆறாவது படியில் தெரியும்.

கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டரும், கூலண்டில் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவ டெஸ்டரும் கடைசிப் படிகளில் தேவைப்படும். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம்.

சிந்திய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சமே உயிரைக் குடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

2. விளக்கு மினுக்கினால் வண்டியை நிறுத்துங்கள்

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதும் மினுக்குவதும் ஒன்றல்ல. மினுக்கினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் ஓட்டி இடம் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பினால், இருபது டாலர் ரப்பர் பூட் (காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவிலுள்ள உறை) ஒன்றில் முடிய வேண்டிய வேலை நூற்றுக்கணக்கான டாலரில் போய் நிற்கும்.

சூட்டு முள் மேலே ஏறினாலும் அப்படியே. இன்ஜினை அணைத்து, முழுவதும் ஆறவிட்டுத் தொடங்குங்கள். இந்த இன்ஜினின் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும்.

3. செய்த வேலையை எழுதுங்கள்

காகிதத்தில் எழுதச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் பாதி விடை இதில்தான் கிடைக்கிறது. என்ன கழற்றினீர்கள், எதை ஓரமாகத் தள்ளி வைத்தீர்கள், கூலண்ட் எந்தப் பக்கம் கொட்டியது, பேட்டரி கழற்றினீர்களா, கடைசியில் இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவினீர்களா என்று வரிசையாக எழுதுங்கள்.

தெர்மோஸ்டாட் மட்டும் மாற்றியிருந்தால், அது இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) முன்பக்கம் மேலேயே இருக்கிறது. அங்கே சிந்தியது ஆல்டர்னேட்டர் மேலும் முன் சிலிண்டர்களின் பக்கமும் போயிருக்கும். வாட்டர் பம்ப் என்றால் கூலண்ட் முன்பக்கமாகக் கீழே வழிந்திருக்கும். கிராங்க் சென்சாரும் அதன் கனெக்டரும் அந்த வழியில்தான், பெரிய புல்லிக்கு அருகே பயணி பக்கம் (இந்த வண்டியில் வலது) கீழே இருக்கின்றன.

ஹீட்டர் ஹோஸ் மாற்றியிருந்தால் கதை பெரிது. இந்த இன்ஜினில் ஹீட்டருக்குப் போகும் குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஓடுகிறது. அதைத் தொட மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். அப்படியானால் இன்ஜெக்டர் கனெக்டர், வேக்குவம் குழாய், கேஸ்கெட் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

இன்னொரு கேள்வி: பழுது பார்ப்பதற்கு முன்பு இன்ஜின் கொதித்ததா? ஆம் என்றால் பத்தாவது படியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே குதிக்காதீர்கள். முன்னுள்ள படிகள் மலிவானவை, ஒரு மணி நேரத்தில் முடிபவை.

4. கோடைப் படியுங்கள், உடனே அழிக்காதீர்கள்

புதியவர்கள் ஸ்கேனரைச் செருகியதும் கோடை அழித்துவிட்டு, "மறுபடி வருகிறதா பார்ப்போம்" என்கிறார்கள். கோடோடு சேர்ந்து, கோளாறு நடந்த கணத்தின் பதிவும் அழிந்துவிடுகிறது. இன்ஜின் சூடாக இருந்ததா, ஐடிலில் நின்றதா, மேட்டில் ஏறியதா என்பது அதில்தான் இருந்தது. முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி0301 முதல் பி0308 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் ஒரே இடத்தில் நிற்காமல் மாறி மாறி அடிக்கிறது. பி0351 முதல் பி0358 வரை வந்தால் அந்தக் காயிலுக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு, பெரும்பாலும் கனெக்டர். பி0171, பி0174 இரண்டும் கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்பவை. பி1285, பி1299 வந்தால் ஹெட் அதிகம் சூடாகி, கம்ப்யூட்டரே தலையிட்டிருக்கிறது. அதற்கு ஒன்பதாவது படி.

சிலிண்டர் எண்ணில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஃபோர்ட் வி8இல் 1, 2, 3, 4 என்பவை பயணி பக்கம், முன்னிருந்து பின்னாக. 5, 6, 7, 8 டிரைவர் பக்கம், அதே போல முன்னிருந்து பின்னாக. வேறு கம்பெனி வி8களில் ஒரு பக்கம் ஒற்றை எண், மறுபக்கம் இரட்டை எண் என்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே கை வைத்தால் கோளாறு இல்லாத காயிலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். தீப்பொறி வரிசை 1-3-7-2-6-5-4-8.

கோடே இல்லாமலும் மிஸ் அடிக்கும். மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில், ஓவர்டிரைவில், லேசாக மிதிக்கும்போது சாலையோர வரிப்பள்ளத்தில் ஏறியது போல வண்டி உதறினால், கியர்பாக்ஸ் போச்சு என்று பயப்பட வேண்டாம். ஈரம் பட்ட காயில் பூட் பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

5. கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம் என்பதால் இது முதலில். இருபது வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பூட்டு, கழற்றும்போதே ஒடிந்திருக்கும். மாட்டும்போது கனெக்டர் உள்ளே போனது போலத் தோன்றும், 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்திருக்காது. ஒவ்வொன்றையும் லேசாகப் பின்னால் இழுங்கள். கையோடு வந்தால் அதுதான்.

காயில், இன்ஜெக்டர், கிராங்க் சென்சார், டிரைவர் பக்க ஹெட்டின் முன்முனையிலுள்ள கேம் சென்சார் என்று வரிசையாகப் போங்கள். கழற்றி உள்ளேயும் பாருங்கள். பச்சை அல்லது மஞ்சள் ஈரம் தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றால் உலர்த்தி, பிறகு மாட்டுங்கள். கூலண்ட் வெறும் தண்ணீர் போலத் தானாக உலர்ந்து மறையாது. பிசுபிசுப்பாக நின்று பித்தளை முனையை அரிக்கும், மின்சாரத்தையும் கசியவிடும்.

கிராங்க் சென்சாரை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், மிஸ் அடிப்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பதே கிராங்க் சுழலும் வேகம் தள்ளாடுவதை அந்தச் சென்சார் வழியாகப் பார்த்துத்தான். அங்கே ஈரம் இருந்தால் பி0300 வரலாம். எந்தக் காயிலை மாற்றினாலும் தீராது.

இன்ஜினை ஐடிலில் விட்டு, ஓடும் பெல்ட்டிலும் ஃபேனிலும் கை படாமல், வயர் கட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது ஓட்டம் மாறினால் அந்த இடத்தில் நில்லுங்கள்.

6. பிளக் குழிக்குள் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

5.4 இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் ஆழமான குழியின் அடியில் இருக்கிறது. மேலே காயில், அதிலிருந்து கீழே இறங்கும் ரப்பர் பூட், பூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங். குழிக்குள் போன திரவம் வெளியே வர வழியில்லை. ஹீட்டர் ஹோஸ் ஒழுகும்போது, மாற்றும்போது, மேனிஃபோல்டைத் தூக்கும்போது சிந்தும் கூலண்ட் பயணி பக்கப் பின்கோடியில் உள்ள நாலாவது குழிக்குள்தான் அடிக்கடி போய்ச் சேர்கிறது. அது வின்ட்ஷீல்டுக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத இடம். பி0304 வந்த வண்டி என்றால் நான் வேறெதையும் பார்ப்பதற்கு முன் அந்தக் காயிலைத்தான் கழற்றுவேன்.

ஒரு நண்பரின் 2001 வண்டியில் அப்படித்தான் நடந்தது. ஹோஸ் மாற்றிய கடையில் ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி ஒரு பெரிய தொகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். நாலாவது காயில் போல்ட்டை எடுத்து, பூட்டைத் திருகி மேலே இழுத்தேன். சேற்றில் புதைந்த காலை இழுத்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. டார்ச் அடித்தால் அடியில் ஒரு கண் போலப் பச்சையாக மின்னியது. ஊசிக்குழலில் உறிஞ்சினேன். இரண்டு தேக்கரண்டிக்கு மேல் இருந்தது. பூட்டின் முனை வெளுத்துப் போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல ஒரே ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடுதான் விஷயம். தீப்பொறி பிளக் முனையில் தாண்டுவதை விட்டு, ஈரத்தின் வழியாகப் பீங்கானின் வெளிப்பக்கம் ஓடி ஹெட்டில் இறங்கியிருக்கிறது. ஓடிய தடம் கரியாகிவிடுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன்பின் குழி உலர்ந்தாலும் தீப்பொறி பழகிய பாதையிலேயே போகும். "நன்றாக உலர்த்தினேன், இன்னும் மிஸ் அடிக்கிறதே" என்பவர்களுக்கு இதுதான் பதில். தடம் பிளக்கிலும் பூட்டின் உட்புறத்திலும் சேர்ந்தே விழுகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். காயில் நன்றாக இருந்தால் பூட்டும் ஸ்பிரிங்கும் தனியாகவே கிடைக்கும்.

குழியைச் சுத்தம் செய்யும் முறை:

காயிலை எடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். அது இப்போது ஒரு மூடியாக நின்று சிலிண்டரைக் காக்கிறது. ஊசிக்குழலால் திரவத்தை முழுக்க உறிஞ்சுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அழுத்தக் காற்றை விடுங்கள். மணல், துரு எல்லாம் மேலே பறந்து வரும். மெல்லிய கம்பியில் துணி சுற்றித் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, மறுபடி காற்று விடுங்கள். பிறகு பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, இன்னொரு முறை காற்று. மரையைச் சுற்றி ஒட்டியிருந்த அழுக்கு இப்போதுதான் விடும். அதன்பிறகு பிளக்கை வெளியே எடுங்கள்.

இந்த வரிசையை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பிளக்கைக் கழற்றினால் குழியில் நின்றது முழுவதும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், மணலோடு சேர்த்து.

பிளக் திரும்ப மாட்டும்போது இந்த இன்ஜினுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. பழைய ஹெட்களில் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு, ஓடும்போதே பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்த வண்டிகள் நிறைய. அதனால் கையால் முழுக்கத் திருகி, தடையே இல்லாமல் போகிறதா என்று உணர்ந்து, கடைசியில் டார்க் ரெஞ்சால் உங்கள் வருட வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த பிளக்கும் ஆபத்து, அதிகம் இறுக்கியதும் ஆபத்து. பிளக் இடைவெளி 1.3 முதல் 1.4 மி.மீ. வரை. பூட்டின் உள்வாயில் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஸ்பிரிங் பூட்டின் நடுவில் நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழியில் இருந்தது கூலண்டா, தண்ணீரா என்று பார்ப்பதும் முக்கியம். விரலில் தேய்த்தால் கூலண்ட் வழுவழுக்கும், இனித்த வாசனை வரும். நிறமும் மணமும் இல்லையென்றால் மழைத் தண்ணீரோ கழுவிய தண்ணீரோதான். சிந்திய கூலண்டைப் போக்க ஹோஸ் பிடித்து இன்ஜின் மேல் தண்ணீர் அடிப்பதை நிறையப் பேர் நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். அப்படி அடித்தால் எட்டுக் குழியும் நிரம்பும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கூலண்ட்தான் என்றால், வேலையின்போது சிந்தியதா அல்லது இன்னும் ஒழுகுகிறதா? குழியை உலர்த்தி, காயில் இல்லாமல், இன்ஜின் ஆறியிருக்கும்போது பிரஷர் டெஸ்டரை மாட்டி மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். வழக்கமாக 16 பிஎஸ்ஐ. அரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். குழி உலர்ந்தே இருந்தால் நிம்மதி. ஓரமாக ஒரு துளி வழிந்தால் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட், அல்லது பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் முன்பக்கக் கூலண்ட் பாதையில் விரிசல். அதைச் சரிசெய்யாமல் பூட் மாற்றுவது வீண்.

7. காயிலை இடம் மாற்றிச் சோதியுங்கள்

குழி உலர்ந்திருந்தும் ஒரே சிலிண்டர் மிஸ் அடித்தால், அந்தக் காயிலை மட்டும் பூட்டோடு இன்னொரு சிலிண்டருக்கு மாற்றுங்கள். நாலை இரண்டுக்கு, இரண்டை நாலுக்கு. கோடை இப்போது அழித்து ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில் அல்லது பூட் கெட்டது. பி0304 நாலிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர், கம்ப்ரெஷன் என்று தேடல் போகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே நாளில் இடம் மாற்றிவிட்டு, எது எங்கே போனது என்று தெரியாமல் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. காயில் மேல் மார்க்கரால் பழைய எண்ணை எழுதுங்கள்.

8. மேனிஃபோல்ட் கழற்றியிருந்தால் காற்று இழுக்கிறதா பாருங்கள்

மேனிஃபோல்ட் கழற்றாதவர்கள் இதைத் தாண்டலாம். ஆனால் தெர்மோஸ்டாட் வேலையிலும் ஏதாவது வேக்குவம் குழாயை அசைத்திருந்தால் ஒருமுறை பாருங்கள்.

ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் எண்ணைப் பாருங்கள். ஐடிலில் 20 சதவீதத்துக்குப் பக்கம் ஏறி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கி இயல்புக்கு வந்தால் எங்கோ கள்ளக் காற்று புகுகிறது. ஐடிலில் உள்ளே போகும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். வேகமெடுத்ததும் அது ஒரு பொருட்டாக இருக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மிஸ் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வெளியே போய், ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோல் குறைவு என்று தவறாக எண்ணும். ஆனால் அந்த ஏமாற்று ஒரு பக்கத்தில் மட்டுமே நடக்கும். நாலாவது சிலிண்டரால் வந்தால் பி0171 மட்டும். பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தால் இரு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் காற்று புகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சந்தேகம், மேனிஃபோல்டின் பின்புறம் இருக்கும் பிசிவி ரப்பர் முழங்கை (இன்ஜினுக்குள் தேங்கும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாய்). எண்ணெயில் ஊறி மெழுகு போல ஆகியிருக்கும், கை பட்டதும் அடிப்பக்கம் கிழியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சின்னக் குழாய். அதற்கும் அடுத்துத்தான் மேனிஃபோல்ட் கேஸ்கெட். பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஹெட்டில் ஒட்டியிருந்ததா, போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் வரிசையில் படிப்படியாக இறுக்கினீர்களா என்று யோசியுங்கள்.

கார்ப் கிளீனர் அடித்து ஓட்டை தேடுவது பழைய வழக்கம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது பற்றிக்கொள்ளும். புகை விடும் கருவி கிடைத்தால் அதை எடுங்கள்.

9. ஏர் லாக் இருந்தால் கம்ப்யூட்டரே சிலிண்டரை அணைக்கும்

பிந்தைய வருட வண்டிகளில் ஹெட்டின் உலோகச் சூட்டையே அளக்கும் சென்சார் உண்டு. கூலண்ட் நிரப்பும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால், ஹெட் கொதிக்கும். எல்லை தாண்டியதும் கம்ப்யூட்டர் சில சிலிண்டர்களுக்குப் பெட்ரோலை மாற்றி மாற்றி நிறுத்தி, அவற்றில் வெறும் காற்றை ஓடவிட்டு இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். ஓட்டுபவருக்கு அது அப்படியே மிஸ் அடிப்பது போல இருக்கும். பி1285, பி1299 வந்திருந்தால் காயிலைத் தொடவே வேண்டாம், காற்றை எடுங்கள்.

வடித்த கூலண்டை அளந்து வைத்திருந்தீர்கள் என்றால் உடனே தெரியும். பத்து லிட்டர் வடித்து ஏழுதான் உள்ளே போயிருந்தால் மூன்று லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது.

இன்ஜின் ஆறிய பிறகு டீகேஸ் பாட்டிலில் (கூலண்ட் நிரப்பும் பிளாஸ்டிக் பாட்டில்) அளவுக் கோடுவரை ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். ஐடிலில் விட்டு, சூடு 90 டிகிரிக்குப் பக்கம் வந்து மேல் ஹோஸ் கைக்குச் சூடாகும்வரை காத்திருங்கள். 2,000 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். ஹீட்டரில் காற்று ஒரே சீராகச் சூடாக வந்தால் நல்லது. சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால் இன்னும் காற்று இருக்கிறது. அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, குறைந்ததை ஊற்றி, மறுபடி. சூடான பாட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

பாதிக்குப் பாதி கலவை ஊற்றுங்கள். அது -37 டிகிரி வரை தாங்கும். ஏற்கெனவே கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

10. இப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்

இதுவரை எதுவும் கிடைக்கவில்லை, கூலண்ட் தினமும் குறைகிறது, காலையில் முதல் ஓட்டத்தில் மட்டும் மிஸ் அடித்து வெள்ளைப் புகை இனித்த வாசனையோடு வருகிறது என்றால் சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்குகிறது. குளிர்காலத்தில் காலைப் புகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லா வண்டியும் அப்படித்தான் விடும்.

பிளக்குகளை எடுத்து வரிசையாக வையுங்கள். ஏழு பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலவும் இருந்தால், அந்தச் சிலிண்டரை நீராவி கழுவுகிறது. அடுத்து நீலத் திரவ டெஸ்டர். பாட்டில் வாயில் வைத்து, ஓடும் இன்ஜினில் உறிஞ்சும்போது நீலம் மஞ்சளானால் எரிந்த புகை கூலண்டில் கலக்கிறது. கூலண்டையே உள்ளே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுவிடும், அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

கம்ப்ரெஷன் பார்க்க, எட்டு பிளக்கையும் எடுத்து, காயில் கனெக்டர்களைக் கழற்றி, பயணி கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவரில் இருக்கும் இனர்ஷியா சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பெட்ரோலை நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியபடி சுழற்றுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

சிலிண்டருக்குள் திரவம் நிற்கும் என்ற சந்தேகம் இருந்தால் பிளக் மாட்டியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர்கள். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக் இல்லாமல் சுழற்றும்போது துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

11. சரியானதும் ஓட்டிப் பார்க்கும் முறை

பேட்டரி கழற்றியிருந்தால் கம்ப்யூட்டர் தான் கற்றதை மறந்திருக்கும். மிஸ் அடிப்பதைக் கண்டுபிடிக்க அது முதலில் கிராங்க்கின் இயல்பான சுழற்சியைக் கற்க வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 97 கி.மீ. வரை ஏறி, ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, பிரேக் தொடாமல் 64 வரை இறங்கவிடுங்கள். பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து மூன்று நான்கு முறை செய்யுங்கள். இதற்கு முன் கோடு வரவில்லை என்பதை வைத்துக் கோளாறு தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஓவர்டிரைவில் 70, 80இல் மேடு ஏறிப் பாருங்கள். ஈரமான பூட் உதறும் இடம் அதுதான்.

மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாட்டிலில் கூலண்ட் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதேபோல் குளிர்ந்த காலையில் மட்டத்தைப் பாருங்கள். நாலாவது காயிலை மட்டும் இன்னொரு முறை கழற்றி, குச்சியில் வெள்ளைக் காகிதத் துண்டைச் சுற்றிக் குழியின் அடியில் தொட்டு எடுங்கள். காகிதம் நிறமில்லாமல், உலர்ந்து வந்தால் காயிலை மாட்டி 7 மி.மீ. போல்ட்டை இறுக்கி பானெட்டை மூடலாம்.